2026 டிசம்பர் முதல் 2029 ஏப்ரல் வரை: வான் நிகழ்வுகளுக்கு எப்படித் தயாராவது, எதை வைத்துப் படிப்பது?

வடமீன்:
மாணவர் வானியல் மன்றம் ஒன்றுக்கு இரண்டரை ஆண்டுத் திட்டம் போட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஒரே அச்சு: தேதி, நிகழ்வின் பெயர், அழகான படம். எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று எதிலும் இல்லை. எந்த நிகழ்வுகளை நம்பித் தேதி குறிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன முன்தயாரிப்பு, இலவசப் பாடப்பொருள்களில் எதை முதலில் எடுப்பது, இந்த மூன்றும்தான் கேள்வி. கையில் இருப்பவை: 10×50 பைனாகுலர் இரண்டு, 130 மி.மீ. நியூட்டோனியன் தொலைநோக்கி ஒன்று, டிஎஸ்எல்ஆர் ஒன்று.

அரைநிழல்:
முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடுங்கள். 2027இல் பட்டியல்கள் மூன்று சந்திர கிரகணங்களைக் காட்டும் (பிப்ரவரி 20, ஜூலை 18, ஆகஸ்ட் 17). மூன்றுமே புறநிழல் கிரகணங்கள். நிலவின் ஓரத்தில் லேசான மங்கல் தெரிந்தாலே அதிகம், ஜூலை மாதத்தில் அதுவும் தெரியாது. அதற்கு மாணவர்களைக் கூட்டினால் அடுத்த நிகழ்வுக்கு வரமாட்டார்கள். "கிரகங்களின் அணிவகுப்பு" என்று வரும் செய்திகளையும் அப்படியே விடுங்கள். யுரேனஸையும் நெப்டியூனையும் சேர்த்துக் கணக்குக் காட்டியிருப்பார்கள், சாதாரண வானத்தில் வெறும் கண்ணுக்கு அவை அகப்படாது.

தேதி குறிக்கத் தகுந்தவை என்று நான் கருதுவது:

2026 டிசம்பர் 13/14 இரவு, ஜெமினிட் எரிகல் பொழிவு.
2027 பிப்ரவரி 19, செவ்வாயின் எதிர்நிலை (வானில் சூரியனுக்கு நேர் எதிரே வருவது).
2027 ஆகஸ்ட் 2, முழு சூரிய கிரகணம். தெற்கு ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி, ஏமன், சோமாலியா வழியே கருநிழல் போகிறது.
2028 ஜூலை 22, முழு சூரிய கிரகணம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. சிட்னி நகரமே பாதைக்குள் வருகிறது.
2028 டிசம்பர் 31, முழு சந்திர கிரகணம். முழுமை 71 நிமிடம்.
2029 ஏப்ரல் 13, அபோஃபிஸ் குறுங்கோள் பூமியை ஒட்டிப் போவது.

ஒவ்வொன்றையும் பட்டியலில் ஏற்றும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். யூடி (உலகப் பொது) நேரத்தை உள்ளூர் நேரமாக மாற்றினால் தேதி மாறுகிறதா? அந்த நேரத்தில் பொருள் அடிவானத்துக்கு மேல் குறைந்தது 20 டிகிரி இருக்கிறதா? சூரியன் அடிவானத்துக்குக் கீழே 12 டிகிரியாவது இறங்கியிருக்கிறதா? நிலவு எந்தக் கட்டத்தில், எப்போது மறைகிறது? ஸ்டெல்லேரியம் என்ற இலவச வான்வரைபட மென்பொருளில் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்துவிட்டால் நான்குக்கும் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். இடத்தை மாற்றாமல் மென்பொருளின் இயல்பு ஊரிலேயே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை.

துகள்:
ஜெமினிட் பற்றி நான் சொல்றேன். 2026இல் நிலவு நமக்குச் சாதகம். முதல் கால்பகுதி டிசம்பர் 17இல்தான், அதனால் 13, 14 தேதிகளில் மெல்லிய பிறையாக நள்ளிரவுக்கு முன்பே மறைஞ்சிடும். அடுத்த வருஷம் 2027 டிசம்பர் 13 அன்றே முழுநிலவு. அப்போ பெரிய நிகழ்ச்சி வைக்காதீங்க.

பட்டியல்களில் "மணிக்கு 150 எரிகற்கள்"ன்னு போடுவாங்க. அது இசட்ஹெச்ஆர் என்னும் எண். ரேடியன்ட் (எரிகற்கள் கிளம்பி வருவது போலத் தோன்றும் வானப் புள்ளி) நேர் உச்சியில் இருந்து, 6.5 அளவு விண்மீன் வரை (எண் கூடக் கூட மங்கல்) கண்ணுக்குத் தெரியும் வானத்தில் ஒருத்தர் பார்க்கும் எண்ணிக்கை. உங்க இடத்துக்கு நீங்களே கணக்குப் போடலாம்: 150ஐ ரேடியன்ட் உயரத்தின் சைனால் பெருக்கி, 2.6ஐ (6.5 − உங்கள் வானத்தின் எல்லை அளவு) என்ற அடுக்குக்கு உயர்த்தி அதால் வகுக்கணும். ரேடியன்ட் 50 டிகிரியில் இருக்கு, எல்லை அளவு 5.0ன்னு வையுங்க. 150 × 0.766 = 115. 2.6இன் அடுக்கு 1.5 = 4.19. வகுத்தால் 27. இந்த 27ஐ மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க. 150ன்னு நம்பி வந்தவங்க 27ஐப் பார்த்து ஏமாற்றத்தோட போவாங்க, 27ன்னு தெரிஞ்சு வந்தவங்க ஒவ்வொண்ணையும் எண்ணுவாங்க.

ரேடியன்ட் மிதுனத்தில் காஸ்டர் விண்மீன் பக்கம். உள்ளூர் நேரம் இரவு 2 மணி வாக்கில் உச்சம். பொழிவுக்குத் தாய் 3200 ஃபேத்தான் என்ற குறுங்கோள். நுழைவு வேகம் நொடிக்கு 35 கி.மீ.தான், பெர்சீட் 59. அதனால் ஜெமினிட் நிதானமா ஓடும், புதுசாப் பார்க்கிறவங்களுக்கும் கண்ணில் சிக்கும்.

பதிவு செய்யும் முறை: கண் இருட்டுக்குப் பழக 30 நிமிடம். சாய்வு நாற்காலி அல்லது பாய். ரேடியன்ட்டையே நேரா உற்றுப் பார்க்கக் கூடாது, அங்கே தடங்கள் குட்டையா இருக்கும். அதிலிருந்து 40 டிகிரி தள்ளி, 50 டிகிரி உயரத்தில் பாருங்க. உச்ச நேரத்தில் 15 நிமிடத் துண்டுகளாப் பிரிச்சு, ஜெமினிட், மற்றவைன்னு இரண்டு பத்தி. ஒவ்வொருத்தரும் தனித்தனித் தாளில் எழுதணும். பத்து பேர் பார்த்ததைக் கூட்டி ஒரே எண்ணாப் போட்டா அது எதுக்கும் உதவாது. எல்லை அளவையும் மேகம் மறைத்த விழுக்காட்டையும் குறிச்சா, சர்வதேச எரிகல் அமைப்பின் இணையப் படிவத்தில் அந்தத் தரவு நேரா ஏறும். அந்த அமைப்பு வருடா வருடம் வெளியிடும் எரிகல் நாட்காட்டி இலவசம். எந்தப் பொழிவுக்கும் முதலில் அதைத் திறங்க.

கைப்பேசியில் சிவப்புத் திரை போட்டா போதும்னு நினைக்காதீங்க. பல கைப்பேசிகளில் அது இன்னும் பிரகாசமாத்தான் இருக்கு. சிவப்புக் கண்ணாடித்தாளை மூணு நாலு மடிப்பா ஒட்டுங்க.

பகல்நிலா:
செவ்வாய் எதிர்நிலையை ஏன் சேர்த்தீர்கள், அரைநிழல்? 2027இல் விட்டம் 13.8 விகலைதான் (விகலை என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு). 2018இல் 24 இருந்தது. 130 மி.மீ.இல் ஒரு ஆரஞ்சுப் பொட்டுதான் தெரியும்.

அரைநிழல்:
135 மடங்கு உருப்பெருக்கத்தில் அந்த 13.8 விகலை, வெறும் கண்ணில் முழுநிலவு தெரியும் அகலத்துக்கு வந்துவிடும். பொட்டு இல்லை. பொட்டாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் உண்டு: குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வரவில்லை (நியூட்டோனியனை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வையுங்கள்), அல்லது ஆடிகள் சீராகவில்லை. இந்த முறை வட துருவப் பனித்தொப்பி நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள், பிறகு கரும்பகுதிகள். எதிர்நிலைக்கு மூன்று வாரம் முன்னும் பின்னும் அளவு பெரிதாகக் குறையாது, எனவே ஒரே நாளில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தத் தேவையில்லை. செவ்வாய் நாள் 24 மணி 37 நிமிடம் என்பதால், அடுத்தடுத்த இரவில் அதே மணிக்குப் பார்த்தால் ஏறக்குறைய அதே முகம்தான், 9 டிகிரி போலத்தான் மாறியிருக்கும். மற்றப் பக்கம் பார்க்க இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும். ஒரே வாரத்தில் நான்கு தடவை வரைந்துவிட்டு "மாற்றமே இல்லை" என்று சொல்வது இதனால்தான்.

வடமீன்:
2027 கிரகணத்துக்கு ஒரு குழு போகும் வாய்ப்பு இருக்கிறது. மையக்கோட்டிலேயே நிற்க வேண்டுமா?

அரைநிழல்:
வேண்டியதில்லை, இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கருநிழல் தரையில் ஏறக்குறைய வட்டமாக விழுகிறது, நீங்கள் அதன் ஒரு நாணில் நிற்கிறீர்கள். மையத்திலிருந்து ஓரம் வரையான தூரத்தில் பாதி விலகினாலும் முழுமை நேரத்தில் 87 விழுக்காடு கிடைக்கும். பத்தில் ஒன்பது பங்கு விலகினால் 44 விழுக்காடு. 2027இல் பாதையின் அகலம் சுமார் 258 கி.மீ., உச்ச நேரம் எகிப்தின் லக்சர் அருகே 6 நிமிடம் 23 நொடி. அங்கே மையக்கோட்டைவிட்டு 65 கி.மீ. தள்ளினாலும் ஐந்தரை நிமிடம் கையில் இருக்கும். எனவே முதலில் மேகம் பாருங்கள், பிறகு சாலை, கடைசியாக மையக்கோடு. நைல் பள்ளத்தாக்கின் உட்பகுதியில் ஆகஸ்ட் வானம் தெளிவாக இருக்கும். ஜிப்ரால்டர் பக்கக் கடலோரத்தில் தாழ்மேகத்துக்கும் மூடுபனிக்கும் வாய்ப்பு அதிகம்.

லக்சரில் அந்த நேரம் சூரியன் 82 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். சாதாரண முக்காலித் தலை அவ்வளவு செங்குத்தாக ஏறாது, கைப்பிடி காலில் இடிக்கும். வீட்டிலேயே ஒரு நண்பகலில் ஒத்திகை பாருங்கள். வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும் நாட்கள் அங்கே சாதாரணம். ஒட்டுநாடா இளகும், மின்கலமும் கேமராவும் சூடேறும். வெள்ளைத் துணி போட்டு மூடி வையுங்கள்.

பகல்நிலா:
வடிகட்டி பற்றி விரிவாக எழுதுங்கள், ஆபத்து அங்கேதான்.

அரைநிழல்:
கண்ணில் அணியும் கண்ணாடிக்கு ஐஎஸ்ஓ 12312-2 தரம். தொலைநோக்கிக்கு ஒளியடர்த்தி 5 உள்ள சூரியப் பிலிம், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும். அடர்த்தி 3.8 என்று ஒரு பிலிமும் கிடைக்கிறது. அது கேமராவுக்கு மட்டும். மன்றத்தில் இரண்டும் இருந்தால் 3.8ஐத் தனிப் பெட்டியில் பூட்டி, மேலே "கண் வைக்காதே" என்று எழுதுங்கள்.

செய்முறை: குழாயின் வெளிவிட்டத்தைவிட 2 மி.மீ. கூடுதல் உள்விட்டத்தில் தடித்த அட்டைப்பட்டையை மூன்று சுற்றாக ஒட்டி வளையமாக்குங்கள். உட்பக்கம் மெல்லிய கம்பளித் துணி ஒட்டினால் ஆடாது. தட்டையான இரண்டு அட்டை வளையங்களுக்கு நடுவே பிலிம், இருபக்க ஒட்டுநாடா. பிலிமை மேசைமேல் தாளில் விரித்து, அதன்மேல் வளையத்தை இறக்குங்கள். பிலிமைக் கையில் பிடித்து இழுத்து ஒட்டக் கூடாது. லேசான சுருக்கம் படத்தைக் கெடுக்காது, விறைப்பாக இழுத்தால்தான் கெடும். பிறகு பட்டையோடு சேர்த்து, குழாயில் மாட்டியதும் மூன்று இடத்தில் நாடாவால் கட்டுங்கள். காற்றில் கழன்று விழுந்தால் அந்த நொடியில் கண் வைத்திருப்பவருக்குப் பார்வை போய்விடும்.

ஒவ்வொரு தடவையும் மாட்டுமுன் பிரகாசமான எல்இடி விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் தூக்கி எறியுங்கள். தேடுகுழலை (குழாயின் மேலுள்ள சிறு தொலைநோக்கியை) கழற்றிவிடுங்கள். மூடி போட்டால் போதாது, யாராவது ஒரு குழந்தை திறந்துவிடும்.

விளக்கிச் சொல்லவே வேண்டாத தடைகள் மூன்று. கண்வில்லையில் திருகும் வடிகட்டி வேண்டாம், குவிந்த வெப்பத்தில் வெடிக்கும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்க்க வேண்டாம், குவிந்த ஒளி கண்ணாடியையும் பொசுக்கிக் கண்ணையும் பொசுக்கும். நியூட்டோனியனில் வடிகட்டி இல்லாமல் திரையில் பிம்பம் வீழ்த்த வேண்டாம், துணை ஆடியும் பிளாஸ்டிக் பாகங்களும் சூடேறிக் கெடும்.

கூட்டத்துக்குச் சிறந்தது ஆடி முறை. ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தாளால் மூடி, 8 மி.மீ. துளை மட்டும் விட்டு, சூரிய ஒளியை இருட்டறைச் சுவரில் விழ வையுங்கள். 10 மீட்டர் தூரத்தில் சூரிய பிம்பம் சுமார் 9 செ.மீ. விட்டத்தில் கிடைக்கும். தூரத்தை 108ஆல் வகுத்தால் பிம்ப விட்டம். பகுதிக் கிரகணம் மட்டும் தெரியும் ஊர்களில் நூறு பேருக்கு இது ஒன்றே போதும்.

டிஎஸ்எல்ஆருக்கு: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/8, கைமுறைக் குவியம். சூரியனின் ஓரத்தில் குவியம் பிடித்தபின் வளையத்தை நாடாவால் ஒட்டிவிடுங்கள். முழுமையின்போது 1/1000 நொடியிலிருந்து 1 நொடி வரை இரண்டிரண்டு படியாக ஆறு படம். தீக்கொழுந்துகள் 1/1000 பக்கம் வரும், வெளிக் கரோனா (சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டம்) நீண்ட திறப்பில். இந்த ஆறையும் இரண்டு சுற்று முடித்துவிட்டுக் கேமராவை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். பார்க்காமல் வந்தவர்கள் திரும்பப் பெற முடியாதது அதுதான்.

குறுங்கோள்_பித்து:
அபோஃபிஸ் பற்றி. 2029 ஏப்ரல் 13, 21:46 யூடி அளவில் பூமிக்கு மிக அருகே, தரையிலிருந்து சுமார் 32,000 கி.மீ. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைவிடக் கீழே. விட்டம் 350 மீட்டர் அளவு. மோதாது. 2021 ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு அடுத்த நூறாண்டுக்கான அபாயப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது. இதை நிகழ்ச்சியின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரவு முழுவதும் அந்தக் கேள்விதான்.

பிரகாசம் 3ஆம் அளவு வரை வரும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வெறும் கண்ணுக்கு. மற்ற இடங்களில் அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் பைனாகுலரில் முயலலாம். உச்சத்தில் அது மணிக்கு 40 டிகிரி போல நகரும், ஒரு நிமிடத்துக்குள் நிலவின் அகலத்தைத் தாண்டிவிடும். எனவே நீண்ட திறப்புப் படம் கோடாகத்தான் விழும். அதுவே நல்ல தரவு, கோட்டின் இரு முனைகளின் நேரம் துல்லியமாகத் தெரிந்தால்.

இவ்வளவு அருகில் வரும் பொருளுக்கு ஊருக்கு ஊர் இடம் மாறும். 1000 கி.மீ. தள்ளி நிற்கும் இருவருக்கு அது ஒரு டிகிரிக்கும் மேல் விலகித் தெரியலாம். பொதுவான வரைபடத்தை நம்பாமல் நாசாவின் ஜேபிஎல் ஹொரைசன்ஸ் தளத்தில் உங்கள் இடத்துக்கே அட்டவணை எடுங்கள். வகை: அப்சர்வர் டேபிள். இலக்கு: 99942 என்று எழுதி அரைப்புள்ளி (;) போடுங்கள். அரைப்புள்ளிதான் "சிறுபொருள்" என்பதற்கு அடையாளம். வெறும் 4 என்றால் செவ்வாய்த் தொகுதி, 4; என்றால் வெஸ்டா குறுங்கோள். இடம்: கிழக்குத் தீர்க்கரேகை கூட்டல் குறியில். நேர இடைவெளி 5 நிமிடம். அளவுகளில் 4 (திசைக்கோணம், உயரம்), 9 (பிரகாசம்), 20 (தூரம்) மூன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இதில் ஒரு பாடமும் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஊர் மன்றங்கள் ஒரே நொடியில் படம் எடுத்து, விண்மீன் பின்னணியில் விலகலை அளந்தால் தூரத்தை நேரடியாகக் கணக்கிடலாம். 2029க்கு இப்போதே ஒரு கூட்டாளி மன்றத்தைப் பிடியுங்கள்.

வடமீன்:
இந்தக் காலத்தில் வரும் விண்கலப் பயணங்களையும் நாட்காட்டியில் போடலாமா?

குறுங்கோள்_பித்து:
ஏவுதலை நம்பி அரங்கம் பதிவு செய்யாதீர்கள். "இந்தத் தேதிக்கு முன்னால் இல்லை" என்றுதான் அறிவிப்பார்கள், அதைத் தேதியாகப் படிப்பது பிழை. பாதையில் இருக்கும் கலம் போய்ச் சேரும் நாள் வேறு ரகம், அதைச் சுற்றுப்பாதை தீர்மானிக்கிறது. யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடைகிறது, ஜூஸ் 2031 ஜூலையில். இவற்றுக்குத் துணிந்து திட்டமிடலாம்.

மாறுமீன்:
படிப்புப் பொருள் பக்கம் யாரும் வரவில்லையே. ஓப்பன்ஸ்டாக்ஸின் வானியல் பாடநூல் முழுதும் இலவசம், 30 அத்தியாயம். முதலிலிருந்து படித்தால் மாணவர்கள் கோள்களிலேயே களைத்துவிடுவார்கள். 2, 3, 4 (வானம், ஈர்ப்பு, நிலவும் பருவமும்), பிறகு 5 (ஒளியும் நிறமாலையும்), அங்கிருந்து நேராக 17 (விண்மீன் ஒளியை ஆராய்தல்), 19 (தூரங்கள்). இந்த ஆறும் முடிந்தால் மற்றவற்றை எந்த வரிசையிலும் படிக்கலாம். படிப்போடு கூடவே அளவீடும் போக வேண்டும், நிகழ்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். என் பரிந்துரை இரண்டு.

ஒன்று, அல்கால். பெர்சியஸில் இருக்கும் இந்த விண்மீன் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை 2.1இலிருந்து 3.4 அளவுக்கு மங்கும். மங்கி மீள ஏறக்குறைய 10 மணி நேரம். வெறும் கண் போதும். மாறுவிண்மீன் பார்ப்போர் சங்கமான ஏஏவிஎஸ்ஓவின் தளத்தில் பெயரைக் கொடுத்து வரைபடம் எடுங்கள். அதில் விண்மீன் அருகே 29 என்று இருந்தால் 2.9 என்று பொருள், புள்ளியை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள், விண்மீனோடு குழம்பாதிருக்க. அல்காலைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று, இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று 20 நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பிடுங்கள். முந்தைய மதிப்பைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை தானாக அழகான வளைகோடு வரைந்துவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை குறுமம் (மிக மங்கும் நேரம்) 3 மணி 11 நிமிடம் முந்தி வரும், ஆகையால் சில வாரம் இரவில் கிடைத்தது பிறகு பகலுக்குப் போய்விடும். அந்த அட்டவணையை மாணவர்களே போடட்டும்.

இரண்டு, சூரியச் சுழற்சி. சூரியனைப் படமெடுக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலத்தின் தினசரிப் படங்கள் இலவசம். ஒரு கரும்புள்ளியை ஐந்தாறு நாள் தொடர்ந்து, வட்டின் நடுவே வடக்குத் தெற்காகப் போகும் கோட்டிலிருந்து அதன் தூரத்தைப் பிக்சலில் அளந்து, வட்டின் ஆரத்தால் வகுத்து, ஆர்க்சைன் எடுத்தால் தீர்க்கரேகை. சூரியனின் நடுவரைப் (பூஜ்ய அட்சரேகை) பகுதிப் புள்ளிக்கு நாளொன்றுக்கு 13 டிகிரிக்குச் சற்று மேல் வர வேண்டும். 9 அல்லது 10 வந்தால் ஆர்க்சைனை மறந்து தூரத்தையே கோணமாக எடுத்திருக்கிறார்கள், அல்லது விளிம்பை ஒட்டிய புள்ளியை எடுத்திருக்கிறார்கள். உயர் அட்சப் புள்ளிகளுக்குக் கோசைன் திருத்தமும் வேண்டும்.

பகல்நிலா:
அல்காலுக்குச் சிவப்பு விண்மீன்களை ஒப்பீட்டுக்கு எடுக்கலாமா? அருகில் ரோ பெர்சி இருக்கிறதே.

மாறுமீன்:
கூடாது. அது சிவப்பு மட்டுமல்ல, அதுவே மாறுவிண்மீன். சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்கப் பிரகாசம் கூடுவதாகத் தோன்றும். அதே காரணத்தால்தான் திருவாதிரையின் மதிப்பீடுகள் ஆளுக்கு ஆள் அரை அளவு வேறுபடுகின்றன. 2.9 அளவுள்ள எப்சிலான் பெர்சி, 3.0 அளவுள்ள டெல்டா பெர்சி இரண்டும் வெண்ணீலம், அவற்றை எடுங்கள்.

வடமீன்:
2028 டிசம்பர் 31 சந்திர கிரகணத்துக்கும் இப்படி ஓர் அளவீடு உண்டா?

அரைநிழல்:
உண்டு, உங்கள் 130 மி.மீ.க்கு ஏற்றது. பூமியின் நிழல் விளிம்பு டைக்கோ, கோப்பர்னிக்கஸ், பிளேட்டோ போன்ற பள்ளங்களைத் தொடும் நேரத்தை 0.1 நிமிடத் துல்லியத்தில் குறியுங்கள். 50 மடங்கு போதும், உருப்பெருக்கம் கூடினால் நிழல் விளிம்பு கரைந்து தெரியும். பெரிய பள்ளத்துக்கு இரண்டு நேரம்: முன் விளிம்பு, பின் விளிம்பு, சராசரி எடுங்கள். வடிவியலால் வரும் நிழலைவிட அளந்த நிழல் ஏறக்குறைய 2 விழுக்காடு பெரிதாக வரும், பூமியின் வளிமண்டலம்தான் காரணம். முழுமையின் நடுவில் வெறும் கண்ணால் டாஞ்சோன் அளவில் 0 முதல் 4 வரை நிறத்தையும் குறியுங்கள். 0 என்றால் கிட்டத்தட்டக் காணாமல் போன கருநிலவு, 4 என்றால் செம்புச் சிவப்பு.

வடமீன்:
நேரத்தைக் குறிக்கக் கைப்பேசிக் கடிகாரம் போதுமா?

குறுங்கோள்_பித்து:
கிரகணத்துக்குப் போதும், அன்று மாலை இணையத்தோடு ஒத்திசைத்திருந்தால். அபோஃபிஸுக்குப் போதாது. அது நொடிக்கு 40 விகலை போல நகர்கிறது, ஒரு நொடி தவறினால் அளவீடே போச்சு. ஜிபிஎஸ் நேரம் காட்டும் செயலியின் நொடித் திரையைக் கேமராவில் அதே திறப்பு நேரத்தில் முன்னும் பின்னும் ஒவ்வொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவின் உள் கடிகாரம் எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும், எல்லாப் படத்துக்கும் அந்தத் திருத்தத்தைப் போடலாம். கோப்பின் நேரமுத்திரை பல கேமராக்களில் முழு நொடியில்தான் பதியும், ஆகையால் திறப்பைக் கைப்பொத்தானால் தொடங்காமல் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திசைத்த கணினியிலிருந்து தொடங்குங்கள்.